கூடுதலாய் ஊறிய அரிசி

கிரைண்டரைப் போட்டுவிட்டால் இந்த வீட்டில் இடி விழுந்தாலும் கேட்காது, அதனால் போனைக் கொண்டுவந்து காலி எவர்சில்வர் சொம்புக்குள் நிறுத்தி வைத்திருக்கிறேன், அடித்தால் சொம்பும் சேர்ந்து நடுங்கும், அந்தச் சத்தம் எதையும் தாண்டி வந்துவிடும், போன தடவை இப்படி வைத்துத்தான் அவர் பேசியதைப் பிடித்தேன், "என்னடி அங்க, கோயில் மணியா அடிக்குது" என்றார், கோயிலும் இல்லை மணியும் இல்லை, சொம்பு என்றேன், சிரித்தார், அந்தச் சிரிப்பு, வேண்டாம், இப்போது அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் போட்டோவுக்கு மாலை போட்ட மாதிரி ஆகிவிடும், உளுந்தைப் பார்ப்போம். உளுந்து நன்றாகப் பொங்கி வருகிறது, உளுந்துக்கு என்ன தெரியும், தண்ணீர் தெளித்தால் பொங்கும். பாப்பா தரையில் உட்கார்ந்து டப்பா மூடிகளை வரிசையாகப் பரப்பி இட்லி அவித்துக்கொண்டிருக்கிறாள், "அம்மா சாப்புடு" என்று ஒரு மூடியை நீட்டுகிறாள், வாங்கிக் கடித்தேன், ஐயோ சூடு என்று நாக்கை நீட்டினேன், அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிறாள். நானும் சிரித்தேன். சிரிக்க வருகிறது எனக்கு, அதுதான் என் சுபாவம், எங்கள் அம்மா வீட்டில் எழவு வீட்டிலும் சிரித்துவிடுவாள் என்று என்னைக் கூட்டிப்போக யோசிப்பார்கள். எழவு வீடு. பார், எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறது. ஒரு கை தண்ணீர் தெளித்தேன்.

காலையில் பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது டிவியில் அடியில் ஓடுகிற வரியில்தான் பார்த்தேன். வடக்கே மலைச்சரிவு, யாத்திரை போய்ச் சிக்கியவர்களை ராணுவம் மீட்டது, மீட்புப் பணியில் தமிழக வீரர் சேவுகன் வீரமரணம், சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தவர். வரி ஓடி முடிந்து நகைக்கடைக்காரன் வந்துவிட்டான். கையில் இருந்த இட்லித் துண்டை பாப்பா வாயில் வைத்தேன், அவள் மென்றாள், நான் அவள் மெல்லுவதையே பார்த்தேன். மாமியார் பக்கத்திலேயே நின்று நூறு நாள் வேலைக்குத் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தது, அதற்கு எழுத்துக் கூட்ட வராது, ஆனால் அடுத்து அந்தப் பொம்பளை வாயைத் திறந்து செய்தி படித்தால் காது கேட்குமே, சட்டென்று பொம்மைப்படம் மாற்றினேன், "பிள்ளைக்கு இதைப் போட்டாத்தான் வாயே தொறக்குது அத்தை" என்றேன், என் குரல் நன்றாகவே இருந்தது. மாமியார் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தெரு திரும்பியதும் டிவிக்குப் பின்னால் போய்க் கேபிள் வயரைப் பிடுங்கி, பிடுங்கினது தெரியாதபடி இடுக்கில் சொருகினேன். அப்புறம் அரிசியை அளந்து ஊறப்போட்டேன். அப்போதுதான் போட்டேனா? ஆமாம், அப்போதுதான். கண்மாய்க் கரையில் வேலை நடக்கிறது, அங்கே யாராவது வாயை விட்டுவிடாமல் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் பேர் சேவுகன். ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அதுதான் இங்கே வினை. குலசாமி சேவுகப்பெருமாள், பங்காளி வீடுகளில் தலைச்சன் பிள்ளை ஆணாய்ப் பிறந்தால் சாமி பேரைத்தான் வைக்க வேண்டும், மாற்றி வைத்தால் பிள்ளை தங்காது என்பார்கள். தெருவில் நின்று "ஏய் சேவுகா" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், ஒரு ஆடுகூடத் திரும்பும் என்று அவர் கேலி பண்ணுவார். அதனால் ஊருக்குள் அவர் கட்டைச் சேவுகன், மூணு வீடு தள்ளி இருக்கிற அவருடைய பெரியப்பா மகன் நெட்டைச் சேவுகன். இரண்டு பேரும் ஒரே நாளில் ஆள் எடுப்புக்குப் போய், ஒரே வேனில் ஊர் திரும்பி, ஒரே பட்டாளத்தில் ஒரே கம்பெனியில் இருக்கிறார்கள். கட்டை என்றும் நெட்டை என்றும் இந்தத் தெருவுக்குத் தெரியும், பட்டாளத்தில் நம்பரை வைத்துத் தெரியும், டிவிக்காரனுக்கு என்ன தெரியும். நெட்டையின் பெண்டாட்டி காளீஸ்வரி எனக்கு ஓரகத்தி முறை, நான் அக்கா என்பேன், என் மகள் பெரியம்மா என்பாள். காலையிலிருந்து நானும் அவள் வீட்டுக்குப் போகவில்லை, அவளும் இங்கே வரவில்லை. மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் நாலு நடை நடந்திருப்போம், காப்பித்தூள் இருக்கா, உன் மகள் என் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள், இந்தச் சுடிதார் துணி பார், ஏதாவது ஒன்று. எதிர்வீட்டு ராசாத்தி மட்டும் வந்தாள், "ஜோதி, கறிவேப்பிலை ரெண்டு கொத்துக் குடேன்" என்றாள், அவள் வீட்டுக் கொல்லையில்தான் கறிவேப்பிலை மரமே இருக்கிறது, என் வீட்டில் இருப்பதும் அவள் கொடுத்தது. எடுத்துக் கொடுத்தேன். கொத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், தாலிக்கொடி எங்கே என்று தேடுகிற மாதிரி. "வேற ஒண்ணுமில்லையே ஜோதி" என்றாள். "கொத்தமல்லியும் வேணுமாக்கா" என்றேன். போய்விட்டாள், நேரே காளீஸ்வரி வீட்டுப் பக்கம், அங்கே போய் என்ன கேட்டிருப்பாளோ, இஞ்சி கேட்டிருப்பாள்.

உளுந்தை வழித்தாயிற்று. இப்போது அரிசி. போனில் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போடுவோம். ஒருத்தன் சொல்கிறான் நாற்பது பேரை மீட்டார்கள் என்று, அடுத்தவன் அறுபது என்கிறான், மூன்றாமவன் எண்ணிக்கையே சொல்லாமல் பாட்டுப் போடுகிறான், நெஞ்சை அடைக்கிற மாதிரி வயலின். ஒருத்தன் ஹெலிகாப்டர் காட்டினான், அடியில் வெள்ளம், வெள்ளத்தில் தென்னைமரம் தலை மட்டும் தெரிகிறது, அடப்பாவி, பனிமலையில் எங்கேயடா தென்னை, எந்த ஊர் வெள்ளத்தை எடுத்து எங்கே ஒட்டியிருக்கிறாய். ஒருத்தன் கம்ப்யூட்டரில் பொம்மை செய்து காட்டினான், இரண்டு மலை, நடுவில் ஆறு, மேலே ஒரு கயிறு, கயிற்றில் ஒரு பச்சைப் பொம்மை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து வருகிறது, அந்தக் கரைக்குக் குழந்தையைத் தள்ளிவிட்டு ஆற்றில் விழுகிறது. விழுந்ததும் மறுபடி முதலிலிருந்து. மறுபடி விழுகிறது. பச்சைப் பொம்மைக்கு முகம் இல்லை, உயரமா குட்டையா என்றும் தெரியவில்லை, நான் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன், பொம்மையை. போட்டோ ஒருத்தனும் போடவில்லை. வீட்டுக்காரர் நம்பருக்கும் நெட்டை மச்சான் நம்பருக்கும் போட்டுப் பார்த்தேன், இரண்டும் சுவிட்ச் ஆஃப். ஊர்க்கோடியில் பட்டாளத்திலிருந்து ரிட்டயரான சுபேதார் ஒருத்தர், முறைக்குத்தான் பெரியப்பா, அவருக்குப் போன் போட்டேன், "டிவிய நம்பாத தாயி, அப்படி ஒண்ணு ஆச்சுன்னா முறைப்படி வீட்டுக்கே ஆள் வந்து சொல்லுவாக" என்றார். எந்த வீட்டுக்குப் பெரியப்பா வருவாக என்று கேட்டேன். "காளீசும் இப்பத்தான் இதையே கேட்டுச்சு தாயி" என்றார்.

அவளும் கேட்டிருக்கிறாள். கேட்காமல் இருப்பாளா. நான் எதையெல்லாம் பார்த்தேனோ அதையெல்லாம் அவளும் மூணு வீடு தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள், ஆனால் பார்க்கிற கண் வேறு. ஒரு செய்தியில் இறந்தவருக்கு ஒரு மகன் என்று இருந்தது. எனக்கு மகள், காளீஸ்வரிக்குத்தான் மகன். அதைப் படித்ததிலிருந்து நான் அந்தச் சேனல்காரனையே பிடித்துக்கொண்டேன், இவன்தான் ஒழுங்கானவன், விசாரித்துப் போடுகிறவன் என்று எனக்கு நானே சொன்னேன், கொஞ்ச நேரம் முன்னால் தென்னைமரம் காட்டினவனும் இவன்தான் என்பதை மறந்துபோனேன், மறக்கவில்லை, தள்ளி வைத்தேன். இன்னொருத்தன் ஒரே மகளைத் தவிக்கவிட்டு என்று எழுதியிருந்தான், அவன் பொய்யன், ஓசியில் செய்தி போடுகிறவன், அவன் பக்கத்தைத் திறந்தாலே சூதாட்ட விளம்பரம்தான் வருகிறது. மூன்றாவது ஒருத்தன் கைக்குழந்தை என்று போட்டிருந்தான், என் மகள் பேசுகிறாள் நடக்கிறாள் இட்லி அவிக்கிறாள், அவள் மகன் பள்ளிக்கூடம் போகிறான், இரண்டு பேருக்கும் பொருந்தாததால் அதை உடனே குப்பையில் போட்டேன். கயிற்றில் யாரை அனுப்புவார்கள்? உயரமானவரைத்தானே, கை எட்டும், கால் எட்டும், நெட்டை மச்சான் முருங்கைக்காய் பறிக்கக் கம்பே எடுக்க மாட்டார். இல்லை, கயிறு என்றால் எடை குறைந்தவரைத்தான் அனுப்புவார்கள், கட்டையாய் இருந்தாலும் சுருக்காய் ஏறுவார் எங்கள் வீட்டுக்காரர், கோயில் திருவிழாவில் வழுக்குமரம் ஏறினவர். ஆனால் மச்சான் நாயக், சட்டைக் கையில் இரண்டு பட்டை, முன்னால் நிற்க வேண்டியவர் அவர்தான். இரண்டு பட்டை வாங்கின அன்று காளீஸ்வரி தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள், என் வீட்டில் மட்டும் நின்று, "கட்டையனுக்கும் வரும்டி, கொஞ்சம் லேட்டாகும், எட்டிப் பிடிக்கணும்ல" என்று சிரித்தாள், நானும் சிரித்தேன், அந்த மைசூர்பாகு இன்னும் என் தொண்டையில் எங்கேயோ இருக்கிறது போல, இல்லாவிட்டால் இப்போது எப்படி, பட்டை வாங்கினவர் முன்னால் போகட்டும் என்று மனது சொல்கிறது. ஆனால் எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது ஆட்டோவில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் யார், நான் கடித்த தழும்பு அவள் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது, பார்ப்பவர்களிடமெல்லாம் "நாய் கடிச்சா ஊசி போடலாம், இவ கடிச்சதுக்கு ஊசி இல்லையாம்" என்பாள். சேவுகப்பெருமாளே, என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. என் சேவுகனைக் காப்பாற்று என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று சாமிக்குத் தெரியாதா. இரண்டு பேரையும் காப்பாற்று என்று கேட்டிருக்கலாம். இப்போது சொல்கிறேன் இதை, கேட்கும்போது நாக்கில் அது வரவில்லை.

அரிசி கொள்ளவில்லை. கிரைண்டர் வாய்வரை வந்துவிட்டது, இன்னும் பாத்திரத்தில் பாதி கிடக்கிறது. என்ன இது. தினம் போடுகிற அளவுதானே போட்டேன். இல்லை, இது இரண்டு மடங்கு இருக்கும், அதற்கும் மேலே. ஒரு ஈடு அரைத்து எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். இவ்வளவு அரிசியை எதற்கு ஊறப்போட்டேன்? ஞாயிற்றுக்கிழமை தம்பி வருவான், அதற்காகத்தான். தம்பி வருகிறேன் என்று சொல்லவில்லை. வந்தால்? ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போதே அரைத்தால் மாவு புளித்து வடியும், இது எனக்குத் தெரியாதா. மாமியாருக்குப் பணியாரம் பிடிக்கும். மாமியாருக்குச் சர்க்கரை வியாதி, பணியாரம் ஆகாது. படி கையில் இருந்தது, அது நினைவிருக்கிறது, டிவியை அணைத்து வயரைப் பிடுங்கினேன், அரிசி டப்பாவைத் திறந்தேன், ஒன்று போட்டேன், இரண்டு, அப்புறம் எண்ணவில்லை, அளக்கும்போது எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், என்ன கணக்கு. எழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. வருகிற சனத்துக்கு அக்கம்பக்கத்துப் பங்காளி வீடுகள்தான் பொங்கிப் போட வேண்டும், எங்கள் ஊரில் அதுதான் வழக்கம், காலைப் பலகாரம் ஒரு வீடு, மதியச் சோறு ஒரு வீடு. விமானத்தில் வந்து, மதுரையில் இறக்கி, வண்டியில் கொண்டுவர நாளாகும், ஆனால் கேள்விப்பட்ட சனம் நாளைக் காலையிலேயே வந்துவிடும். இப்போது அரைத்தால் நாளைக் காலைக்கு மாவு சரியாகப் பொங்கியிருக்கும். ஐயோ. காளீஸ்வரியின் அம்மா வீட்டுச் சனம் ஒரு வேன் வரும், அவர்களுக்குக் காரச் சட்னி ஆகாது, தேங்காய்ச் சட்னிதான், தேங்காய்கூட நாலு எடுத்து வைத்திருக்கிறேன், அதோ இருக்கிறது மூலையில், நாரோடு. நானே எடுத்து வைத்தேனா? வேறு யார். டிவிக்காரன் இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான், பட்டாளம் வாயைத் திறக்கவில்லை, நான் பாப்பா வாயைத் துடைத்துவிட்ட கையோடு நெட்டை மச்சானைச் சாகடித்து, காளீஸ்வரியை வெறுங்கழுத்தாக்கி, அவள் வீட்டு வாசலில் வந்து உட்காரப்போகிற சனத்துக்குத் தலைக்கு எத்தனை இட்லி என்று வகுத்து முடித்துவிட்டேன். அழுதேனா? அழவில்லை. படி நிறைய அள்ளித் தலை தட்டிப் போட்டேன். ஊறின அரிசியைத் திரும்ப டப்பாவில் போட முடியாது. அதுதான் அரிசியோடு தொல்லை. பாப்பா என் காலைப் பிடித்து ஆட்டுகிறாள், "அம்மா, இன்னொரு இட்லி", இருடி, இருடி தங்கம், கை ஈரம்.

சொம்பு அடித்தது. சொம்பு அடித்ததா, இல்லை கிரைண்டர் கல் தட்டுகிறதா, இல்லை, சொம்புதான், பாப்பா ஓடிப்போய் இரண்டு கையாலும் சொம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், உள்ளே வெளிச்சம், தெரியாத நம்பர். முழங்கைவரை மாவு, சுவிட்சைத் தட்டினேன், கிரைண்டர் நின்ற அமைதியில் காது வலித்தது, மூக்கால் பச்சையைத் தள்ளினேன். "ஏய், நான்தான்." நான்தான் என்றால் யார், உலகத்தில் எல்லாருமே நான்தான், ஆனால் அந்த ஏய், அந்த ஏய்தான் எனக்குத் தெரியுமே. காதைச் சொம்போடு ஒட்டினேன். "கேக்குதாடி? இது வேற ஆள் போனு, சார்ஜ் இல்ல. டிவில எதையாச்சும் பாத்துட்டு ஆத்தாகிட்ட ஒளறி வைக்காத. நானும் நல்லாருக்கேன், நெட்டையனும் பக்கத்துலதான் நிக்கிறான், முதல்ல அவன்தான் வீட்டுக்குப் பேசுனான். அது வேற சேவுகன்டி. புதுக்கோட்டைப் பக்கம். நம்ம சாமி கும்புடுறவுகதான், வேற கம்பெனி. மாவட்டத்த மாத்திப் போட்டுட்டான் எவனோ." சாப்பிட்டியா என்று கேட்டேன், அதுதான் வந்தது. "சாப்ட்டேன்" என்றார், அப்புறம் குரல் இறங்கி, "நல்ல பையன்டி, கைப்பிள்ளை இருக்காம், இன்னும் போயி மூஞ்சியப் பாக்கலையாம்" என்றார், அதற்குள் அங்கே யாரோ போனைக் கேட்டார்கள், வைத்துவிட்டார். கைக்குழந்தை. அவன் ஒருத்தன்தான் சரியாய்ப் போட்டிருந்தான், அவனைத்தான் நான் குப்பையில் போட்டேன். நாங்கள் இரண்டு பேரும் சாமியிடம் கேட்டது இரண்டு பேருக்கும் கிடைத்துவிட்டது, எங்கள் கணக்கிலேயே இல்லாத ஒருத்தி அந்த எழவை எங்களுக்காக வாங்கிக்கொண்டாள்.

பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன், மாவுக் கையோடு, மூணு வீடும் ஒரு வீடு மாதிரிப் போனது, ராசாத்தி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள், அவளுக்கு என்ன தெரியும், சந்தோஷத்தில் ஓடினாலும் அப்படித்தான் இருக்கும் போல. "அக்கா, அக்கா" என்று நேரே அடுப்படிக்குள்ளேயே போய்விட்டேன். காளீஸ்வரி சுவரில் சாய்ந்து தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் அழுகை, சிரிப்பு, போன் மடியில். "பேசிட்டாகளாடி உனக்கும்" என்றாள், "பேசிட்டாகக்கா" என்றேன், கட்டிக்கொண்டோம், அவள் ஜாக்கெட்டில் என் மாவு, என் தோளில் அவள் மூக்கு, பாப்பா நடுவில் நசுங்கி "பெரியம்மா விடு" என்று கத்தினாள். அப்போதுதான் வாசனை வந்தது. பெருங்காயம், வறுத்த வெந்தயம், நல்லெண்ணெய். அவள் தலைக்கு மேலே பார்த்தேன். அடுப்பில் பெரிய இருப்புச்சட்டியில் புளிக்காய்ச்சல் சுண்டி எண்ணெய் மிதந்து நிற்கிறது. கீழே வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் சோறு வடித்துக் கொட்டி ஆறவிட்டிருக்கிறது, ஒரு குன்று, கல்யாண வீட்டில் கொட்டுகிற மாதிரி. இந்த வீட்டில் அவளும் அவள் மகனும் மட்டும். மகன் மதியம் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுவான். புளிச்சோறு நாளை மதியம்வரை கெடாது. மதியச் சோறு ஒரு வீடு. என் கண் போன இடத்தை அவள் பார்த்தாள். என் முழங்கையைப் பார்த்தாள், மாவு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தாள், அவளுக்கும் வீட்டுக் கணக்குத் தெரியும், எவ்வளவு அரைத்தால் எதுவரை ஏறும் என்று. புளிக்காய்ச்சல் பொட்டுப் பொட்டென்று வெடித்தது. கையை நீட்டி அடுப்பை அணைத்தாள், மணிக்கட்டில் என் பல் தழும்பு. "ஞாயித்துக்கெழம எந்தம்பி வாரேன்னான்" என்றாள், "புளிச்சோறுன்னா அவனுக்கு உசுரு." ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. "எனக்கும் எந்தம்பிதான்க்கா வாரான்" என்றேன், "அதான் கொஞ்சம் மாவு கூடப் போட்டேன்."

வேறு என்ன செய்வது, சோறு வீணாகக் கூடாது. அவள் வாளி நிறையப் பிசைந்து கொடுத்தாள், நான் திரும்பி வந்து மிச்ச அரிசியையும் அரைத்து, ஒரு அண்டா மாவு அவள் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன், தெருவுக்கெல்லாம் பங்கு போனது, ராசாத்தி தூக்குவாளியை வாங்கிக்கொண்டு "என்னடி விசேஷம் ரெண்டு வீட்டுலயும்" என்றாள், "ஆளு நல்லாருக்காக, சாமிக்கு நேந்துக்கிட்டது" என்று காளீஸ்வரி சொன்னாள், நானும் தலையை ஆட்டினேன். வயரைச் சொருகி டிவியைப் போட்டேன், மாவட்டத்தைத் திருத்திவிட்டார்கள், போட்டோவும் வந்துவிட்டது, மீசை இன்னும் சரியாக வராத முகம், கட்டையுமில்லை நெட்டையுமில்லை. இறந்தவருக்கு ஒரு மகன் என்று போட்ட சேனல்காரன் இப்போது கைக்குழந்தை என்கிறான், தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, முதலிலிருந்தே அப்படித்தான் சொன்ன மாதிரி வாசிக்கிறான். நான் மட்டும் என்ன. புதுக்கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு தெருவில் இந்நேரம் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி அரிசி அளந்துகொண்டிருப்பாள், செய்தி உறுதியான பிறகு. மாமியார் கண்மாயிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தது, புளிச்சோற்றை ஒரு வாய் வைத்து, "யாரு செஞ்சது, காளீசா, கைப்பக்குவம்னா அவதான்" என்று இன்னொரு உருண்டை உருட்டியது. பாப்பா என் மடியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். ஊட்டினேன். மிளகாய் உறைத்ததோ என்னவோ முகத்தைச் சுளித்தாள், அப்புறம் நாக்கைச் சுழற்றிப் பார்த்து, நல்லா இருக்கும்மா, இன்னும், என்றாள். நானும் ஒரு வாய் போட்டேன். நல்லாத்தான் இருந்தது. உப்பு, புளி, எண்ணெய், எல்லாம் நிதானமாய், ஒன்றுகூடத் தப்பாமல் போட்டிருந்தாள்.